பொருந்தாத கணு

கொழிஞ்சாம்பாறையில்
டயர்க்கடைக்கு மேலே என் அறை.
கீழே ரப்பர் வேகும் வாசனை
படியேறி வந்து விசைப்பலகையில் உட்காரும்.
வேலை இதுதான்:
ஒரு பால் சங்கத்தின் எட்டு வருடக் கணக்கை
அவர்களுடைய எக்ஸ்எம்எல்லிலிருந்து
யூனியன் கேட்கும் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்ற வேண்டும்.
ஒரு ஸ்டைல்ஷீட் போதும் என்றேன்.
மூன்று நாள் என்றேன்.

பழைய வடிவத்தைக் கட்டியவன் ஜிதேஷ்.
இப்போது சலாலாவில். எண் மாறிவிட்டது.
ஒரு வரி விளக்கம் எழுதிவைக்கவில்லை.
கொழுப்புக்கு 'கொ'.
வேளைக்கு இரண்டு குறி, 'ரா', 'வை'.
ரா என்றால் ராத்திரி,
வை என்றால் வைகறை என்று
நானாக முடிவுசெய்து
ஒரு பகல் முழுக்க
காலைப் பாலையெல்லாம் இருட்டில் ஊற்றினேன்.
டீ கொண்டுவந்த பையன் எட்டிப் பார்த்து
"ராவிலே, வைகுந்நேரம்" என்றான்,
கிளாஸை வைத்தபடி.

அடுத்து பெயர்வெளி.
'அங்கம்' என்றுதான் கோப்பில் இருக்கிறது.
'அங்கம்' என்றுதான் நானும் கூப்பிடுகிறேன்.
ஒருவரும் திரும்பவில்லை.
முதல் வரியில், கண்ணில் படாத நீளத்தில்,
ஒரு முகவரி.
அதற்குக் கீழே பிறந்த எல்லாருக்கும் அதுதான் வீட்டுப்பேர்.
வீட்டுப்பேர் சொல்லாமல் கூப்பிட்டால்
இந்த ஊரில் யார்தான் திரும்புவார்கள்?
முன்னொட்டைச் சேர்த்தேன்.
ஆயிரத்து நானூறு பேர்
ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது
லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாம்
அதனதன் இடத்தில்.
ஆனால் இடையிடையே
எந்தக் குறிக்குள்ளும் அடங்காமல்
கொட்டகைக்குள் கோழி புகுந்த மாதிரி
வெறும் எழுத்துகள்.
மலையாள லிபி.
எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தால்
தமிழ்.

*வெள்ளச்சி கன்னு போட்டிருக்கு, பத்து நாள் பால் வராது.*
*தண்ணி கலக்கலை. மீட்டர்தான் பழசு. நான் பார்த்தேன்.*
*பாக்கி இப்ப கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரி.*

நாம் விதி எழுத மறந்த கணுவை
இந்த மொழி தூக்கி எறிவதில்லை.
குறியை மட்டும் கழற்றிவிட்டு
உள்ளே இருப்பதை ஒழுகவிடும்.
பாத்திரம் வைக்காத இடத்தில்தான்
கூரை ஒழுகுவது தெரியும்.

போன் போட்டேன்.
"அது சுகதன் எழுதுந்நதா. சாயங்கால டெஸ்டிங்.
மாய்ச்சுகள," என்றார் செயலாளர் பத்மஜா.
யூனியன் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.
துடைப்பதற்கு ஒரு வரி போதும்:
'குறிப்பு' வந்தால் பொருந்து, ஒன்றும் செய்யாதே.
உள்ளே காலியாக ஒரு விதி.
எழுதினேன்.
பிழைகள் பூஜ்யம்.

பிறகு
யாரும் கேட்காத இன்னொரு ஸ்டைல்ஷீட்,
ஒன்பது வரி.
இந்த முறை லிட்டர் வேண்டாம், தொகை வேண்டாம்,
குறிப்பு மட்டும், தேதி வாரியாக.
இருநூற்றுப் பதினேழாம் எண்,
எருத்தேம்பதி கிட்டம்மாளை மட்டும்
தனியே எடுக்கச் சொன்னேன்.
ஏனென்றால் அந்த எண் அடிக்கடி கண்ணில் பட்டது.

*217 இன்னைக்கு சிரிச்சாங்க.*
*217 மழையில நனைஞ்சு வந்தாங்க, முதல்ல ஊத்தச் சொன்னேன்.*
*217 வரலை.*
*217 வரலை.*
*217 மகன் வந்தான், மாட்டை வித்தாச்சாம்.*
*217 கேன் இங்கேயே இருக்கு. கழுவி வெச்சிருக்கேன்.*

யூனியனுக்குப் போன கோப்பில்
அதே தேதிகளில்
சுழியம், சுழியம், சுழியம்.
அதுவும் சரியான கணக்குதான்.

பில்லில் ஒரு ஸ்டைல்ஷீட்டுக்கு மட்டும் காசு போட்டேன்.
இரண்டாவதை யாருக்கு அனுப்புவது?
சுகதன் இன்னும் அதே சங்கத்தில்தான்,
அதே வேளையில்தான்.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
சேமிக்கப் பெயர் கேட்டது கணினி.
'ரா' என்று தட்டினேன்.